அண்டாவுக்குப் பணி ஓய்வு

அந்த வீட்டில் எந்தப் பொருளும் தன் வேலையைச் செய்யக் கூடாது என்பது சட்டம்.

ஏணி என்றால் அதில் ஏறக் கூடாது. அது புத்தக அலமாரி. அலமாரியில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. எல்லாம் வீட்டுக்காரர் எழுதியதே. ஜாம் பாட்டிலில் ஜாம் இருக்காது. கயிறு சுற்றிக்கொண்டு பூச்சாடியாக நிற்கும். சைக்கிள் சக்கரம் சுவரேறிக் கடிகாரமாகிவிட்டது. மணி மட்டும் சரியாகக் காட்டாது. மணி காட்டுவதும் ஒரு வேலைதானே!

அந்த ஏணியில் ஈரத்துண்டைக் காயப்போட்டு வீட்டுக்காரரின் அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். பாவம், அவள் பழைய ஆள். ஏணியைப் பார்த்தால் ஏணி என்று நினைத்துவிடுகிறாள்.

குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும், "நான் ஒருத்தன் இருக்கும்போது நீ எதுக்கு வெளியில வீடு தேடணும்?" என்று தம்பி வண்டியோடு வந்து வாசலில் நின்றார். அக்கா நெகிழ்ந்துபோய்ப் புது அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நெகிழ்ச்சியும் முடிந்துவிட்டது.

அவள் புருஷன் செத்த நாளிலிருந்து அவளுக்குத் தொழில் சமையல். பட்டறைக்கும் கடைக்கும் மதியச் சாப்பாடு பொங்கிக் கொடுத்தாள். அந்தச் சோற்றில்தான் தம்பி படித்தார். படித்து மனவலிமைப் பயிற்சியாளர் ஆனார். அதாவது, கம்பெனி கம்பெனியாகப் போய், சம்பளம் போதாதவர்களிடம் 'போதாமை ஒரு மனநிலைதான்' என்று பேசிவிட்டு, நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர். எதைப் பேசினாலும் "மூன்று விஷயம்" என்று விரலைத் தூக்குவார். மூன்றாவது விஷயத்தை இதுவரை கேட்டவர் யாருமில்லை.

அவர் மனைவியைக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் 'கைவினையரசி' என்பார்கள். முதலில் அப்படி அழைத்தது யார் என்று தேடிப் போனால், அது அரசியாரின் இன்னொரு நம்பர்.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

"தம்பி, என் அண்டா எங்கடா?"

பயிற்சியாளர் கண்ணாடி முன்னால் நின்று குரல் தழுதழுக்கப் பழகிக்கொண்டிருந்தார். இன்று கீழே பொது மண்டபத்தில் விழா. தழுதழுப்பு சரியான இடத்தில் வர வேண்டும்.

"எந்த அண்டாக்கா?"

"எனக்கு இருக்கறதே ஒரு அண்டா. சாக்கு சுத்திப் பால்கனியில வெச்சிருந்தேன். சாக்கு இருக்கு. அண்டாவைக் காணோம்."

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா வெக்கிறதுக்கு அது என்ன நகையா? நாளைக்கு உலை ஏத்தணும்டா."

நாளைக்கு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா இத்தனை நாள் அந்த வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு அச்சகம். காலண்டர் அச்சடிக்கும் காலம். ஆட்கள் இரவு பகலாக வேலை செய்கிறார்கள். அத்தனை பேருக்கும் மதியச் சோறு போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேரே போய்ப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள். சோறு, பருப்பு, ஒரு காய், வாரத்தில் ஒரு நாள் கோழி. அடுப்பு அவர்களுடையது. சமைக்க அச்சகத்தின் பின்னால் கொட்டகையும் உண்டு. ஆக, தம்பி வீட்டு வெள்ளைக்கல் மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் தெறிக்காது; தாளிக்கிற வாசனை திரைச்சீலையில் ஏறாது. பாத்திரம் மட்டும் அவள் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் மனதில் வைத்திருந்தாள். வேலை நிலைத்துவிட்டால், அச்சகத்துப் பக்கத்திலேயே பார்த்து வைத்திருக்கும் அறைக்குப் போய்விடுவது. ஏணியில் துண்டு போட்டால் யாரும் கேட்காத ஓர் அறை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணி," என்று கைவினையரசி பசைத் துப்பாக்கியோடு வந்து நின்றார். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. "இன்னைக்கு நீங்கதான் முன் வரிசை. நல்லதா எதாவது உடுத்திக்கங்க. அந்தக் கரி பட்டது வேணாம்."

"எனக்கு எதுக்கும்மா முன் வரிசை? நான் என்ன செஞ்சேன்?"

"உங்களுக்குத்தான் விழாவே."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த நாளில் எல்லாம் ஏதாவது ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறது.

மண்டபத்தில் 'பழசுக்குப் புது வாழ்வு' என்று துணி கட்டியிருந்தார்கள். கைவினைப் போட்டி. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் முட்டை அட்டைகளை ஒட்டி ஒரு முதலை செய்திருந்தார். நடுவரும் அவரே என்பதால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி வாசலிலேயே படுக்கவைத்திருந்தார். பல் துலக்கும் பிரஷ்களால் சட்டம் போட்ட குடும்பப் படம் ஒன்று. பழைய ஜீன்ஸ் காலில் மண் நிரப்பி வளர்த்த செடி ஒன்று. செடியைப் பார்த்தால் யாரோ தலைகீழாகப் புதைந்துபோன மாதிரி இருந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

நடுவில், ஆளுயரக் கம்பியில் தொங்கியது ஒன்று. போர்வை போட்டு மூடியிருந்தது.

பயிற்சியாளர் மைக்கைப் பிடித்தார். வீட்டில் அவர் பேசுகிற தமிழ் வேறு, மைக்கில் பேசுகிற தமிழ் வேறு. வீட்டில் 'நீ'யாக இருக்கிற அக்கா மைக்கில் 'நீங்கள்' ஆகிவிடுவாள்.

"மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, நான் இன்று உங்கள் முன்னால் நிற்கக் காரணம் என் படிப்பல்ல. ஓர் அண்டா!"

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அக்காவும்தான்.

"ஆம். என் அக்கா சோறு பொங்கிய அண்டா. அது எத்தனையோ வயிறுகளை நிரப்பியது. என்னைப் படிக்க வைத்தது." இங்கே தழுதழுப்பு வந்தது. காலையில் பழகியதை விடவும் நன்றாகவே வந்தது. "இரண்டு, உழைத்த கைகளுக்கு ஓய்வு வேண்டாமா? உழைத்த பாத்திரத்துக்கும் வேண்டாமா? அக்கா, நீங்கள் இனிமேல் சமைக்க வேண்டாம். உங்கள் அண்டா இனி வயிறுகளை அல்ல, மனங்களை நிரப்பும்!"

மூன்றாவது விஷயத்துக்கு முன்னால் கைவினையரசி போர்வையை இழுத்துவிட்டார். யாரோ மண்டபத்து விளக்கை அணைத்தார்கள்.

கவிழ்ந்து தொங்கியது அண்டா. கரி சுரண்டி, தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். அக்காவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. உள்ளே ஒரு பல்பு எரிந்தது. சுற்றிலும், அடியிலிருந்து விளிம்பு வரை, டிரில் மெஷின் போட்டுத் துளைத்திருந்தார்கள். பூவும் கொடியுமாகத் துளை. சுவரெங்கும் வெளிச்சப் பூக்கள்.

"ஆகா!" என்றது மண்டபம்.

அக்கா பூவைப் பார்க்கவில்லை. எழுந்து போய், கவிழ்ந்திருந்ததற்குக் கீழே தலையை நுழைத்து உள்பக்கத்தைப் பார்த்தாள். ஏதாவது ஓர் இடம் மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். கைவினையரசி எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா!" என்று மைக்கை நீட்டினார் செயலாளர்.

அக்கா மைக்கை வாங்கினாள். இதற்கு முன்னால் மைக் பிடித்ததில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"நாளைக்கு இதுலதான் சோறாக்கணும். இத்தனை ஓட்டையையும் யாருங்க அடைச்சுக் குடுப்பீங்க?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"வடிக்கிறதுக்கு ஓட்டை வேணும்லக்கா! இன்னும் வசதி!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"தம்பியை விட அக்கா நல்லா பேசறாங்க சார்!" என்றார் செயலாளர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். கை தட்டினார்கள். முதல் பரிசு என்று அறிவித்து அக்கா கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். அக்கா அழுதிருந்தால் நெகிழ்ந்துவிட்டாள் என்றிருப்பார்கள். திட்டியிருந்தால் வயசாகிவிட்டது என்றிருப்பார்கள். உள்ளதைச் சொன்னாள், அதுதான் தமாஷாகப் போய்விட்டது.

அண்டாவை ஊர்வலமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைக்கு மேலே கொக்கியில் மாட்டினார்கள். கொக்கி முன்கூட்டியே அடித்து வைக்கப்பட்டிருந்தது. பயிற்சியாளர் டிரில் மெஷின் வாங்கிய பின் அந்த வீட்டுச் சுவர்களும் கிட்டத்தட்ட அண்டாவின் கதிதான். ஒரு கொக்கிக்கு நான்கு இடத்தில் துளை போட்டு, மூன்றைப் படம் மாட்டி மறைத்திருந்தார்.

கதவைச் சாத்தியதும் அக்கா கேட்டாள்.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"அக்கா, மூணு விஷயம்..."

"ஒண்ணு சொல்லு போதும்."

"நீ கஷ்டப்பட்டது போதும்னுதான். உன்னை மகாராணி மாதிரி வெச்சுக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"தினம் காலையில எந்திரிச்சு உனக்கு டிபன் கட்டறாளே ஒருத்தி, அவ யாரு? மகாராணியோட வேலைக்காரியா?"

"அது வேறக்கா. அது வீடு. குடும்பம்."

"ஓ. ஊருக்குப் பொங்கினா கஷ்டம். உனக்குப் பொங்கினா ஓய்வு."

பயிற்சியாளர் தூக்கிய விரலைப் பாதியிலேயே இறக்கிவிட்டார். மைக் இல்லாத இடத்தில் அவருக்கு அப்படி ஆவது உண்டு.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி விடு. போனது போச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கறேன். வாடகைப் பாத்திரக் கடையில ஒண்ணு எடுத்துட்டு நாளைக்குப் போயிடறேன். சம்பளம் வந்ததும் புதுசு வாங்கிக்கலாம்."

இப்படி ஒரு பதிலை இருவரும் எதிர்பார்க்கவில்லை. அண்டா போனால் அக்கா உட்கார்ந்துவிடுவாள் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. கைவினையரசி புருஷனை முழங்கையால் இடித்தார்.

"அக்கா... அச்சகத்துக்கு நேத்தே போன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"நீ வரலைன்னு."

"நான் வரலைன்னு நீ சொன்னா அவர் எப்படி நம்புவாரு?"

"உனக்கு உடம்பு முடியலைன்னு சொன்னேன்."

"எனக்கு என்ன நோய்?"

"மூட்டு வலி."

"எந்த மூட்டு?"

"...இடது."

"வலதுன்னுதானே சொன்னீங்க?" என்றார் கைவினையரசி.

"ரெண்டும்னு வெச்சுக்கயேன்!" என்று பயிற்சியாளர் சீறினார். "அக்கா, நீயும் புரிஞ்சுக்கணும். இது பழைய தெரு இல்ல. லிஃப்டுல நீ அண்டா குண்டானோட ஏறி இறங்கினா, என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? ஊருக்கெல்லாம் உன்னதம் பேசறவன், அக்காவைச் சமையல்காரியா வெச்சிருக்கான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சமையல்காரிதானேடா நான்? நீ என்ன புதுசாவா கண்டுபிடிச்ச?"

"அண்ணி, கோவப்படாதீங்க." கைவினையரசி குரலைத் தேனாக்கினார். "அடுத்த மாசத்துல இருந்து நான் கீழ ஹால்ல கைவினை வகுப்பு எடுக்கப் போறேன். காலையில போனா சாயங்காலம்தான். நீங்களும் அச்சகத்துக்குப் போயிட்டா இவருக்குச் சாப்பாடு? வீட்டைப் பார்த்துக்க ஒரு ஆளு வேணும்ல?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது அவருக்கு. சட்டென்று திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த பூச்சாடியை நேராக்கினார்.

அக்கா செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா போற? சாயங்காலம் செயலாளரையும் அவங்க வீட்டம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். உன் கைப்பக்குவம்னு பெருமையா சொல்லியிருக்கேன்..."

கதவு சாத்திக்கொண்டது.

அச்சகம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியிலேயே மை வாசனை. உள்ளே வெட்டு இயந்திரம் 'சளக் சளக்' என்று காலண்டர் ஓரங்களை நறுக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷத்துப் பன்னிரண்டு மாதங்களும் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி அச்சகக்காரர் பதறி எழுந்தார்.

"அய்யய்யோ, நீங்க ஏம்மா நடந்து வந்தீங்க? டேய், ஸ்டூலைப் போடு! முட்டியோட எப்படி இவ்வளவு தூரம்..."

"முட்டி இல்லாமத்தான் நடக்க முடியாது. எனக்கு ஒரு வலியும் இல்லைங்க. நாளைக்கு வேலைக்கு வர்றேன்னு சொல்லத்தான் வந்தேன்."

அச்சகக்காரர் அவளையே கனிவோடு பார்த்தார். கனிவைப் போல ஒரு மனுஷனைச் செவிடாக்குவது வேறில்லை.

"தம்பி எல்லாம் சொன்னாரும்மா. வலிச்சாலும் வெளியில காட்டிக்க மாட்டாங்க, வேலைக்கு வர்றேன்னு பிடிவாதம் பிடிப்பாங்கன்னு சொல்லும்போது போன்லயே அவருக்குக் குரல் உடைஞ்சு போச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பி யாருக்கு அமையும்?"

அக்காவுக்குப் புரிந்தது. அவள் மறுத்தால் அது வலிக்குச் சாட்சி. மறுக்காவிட்டாலும் அது வலிக்குச் சாட்சி. தம்பி படித்த படிப்பு வீண் போகவில்லை.

"இங்க பாருங்க," என்றாள். சேலை நுனியோ சங்கோஜமோ பார்க்கவில்லை. அச்சகத்தின் நடுவில், காகிதத் துணுக்குகளுக்கு மேல், தரையில் குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள்.

"பார்த்து, பார்த்து! விழுந்துடப் போறாங்க!"

"விடுங்கப்பா, நான் விழல. உக்காந்து காட்டறேன்."

"வேணாம்மா, வேணாம். சொன்னா கேளுங்க." அச்சகக்காரருக்குக் கண் கலங்கியே விட்டது. "நேத்தே மெஸ்காரர்கிட்ட பேசி முடிச்சுட்டேன். வாக்குக் குடுத்துட்டேன். நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க."

வெளியே வரும்போது ஒரு காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார். அக்கா அதைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் செருகிவிட்டு நடந்தாள். வழியில் பார்த்து வைத்திருந்த அறையின் வாசலில் 'வாடகைக்கு' அட்டை இன்னும் தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்காமலே தாண்டினாள்.

அக்கா திரும்பி வந்து சமையலறைக்குள் நுழைந்ததும், புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் ஒருவருக்கொருவர் கண்ணால் பேசிக்கொண்டார்கள். 'பார்த்தியா, கோவமெல்லாம் இறங்கிடுச்சு.'

பழி வாங்க உப்பை அள்ளிக் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தால் நீங்கள் அக்காவை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. தம்பி செய்ததற்கு உப்பு என்ன செய்யும்? கோழியை மிளகு போட்டுப் பதமாக வேகவைத்தாள். பருப்பைக் குழைய விட்டாள். வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கி, கத்திரிக்காயை அதில் போட்டுப் புரட்டினாள். புகை போக்கிக் கூண்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கைவினையரசி இன்னும் உரிக்க விடவில்லை என்பதால், அதைப் போடாமல் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டாள். வாசனை லிஃப்ட் வரைக்கும் போனது.

செயலாளரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர் அறை விளக்கை அணைத்துவிட்டு அண்டாவைப் போட்டார்.

மண்டபத்துச் சுவரில் பூவாக விழுந்தது, கிட்டத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. நான்கு பேருக்கும் அம்மை போட்ட மாதிரி இருந்தது. தட்டில் எது எலும்பு, எது வெளிச்சம் என்று தெரியாமல் செயலாளர் தடவித் தடவிச் சாப்பிட்டார்.

"என்ன ஒரு சூழல் சார்!" என்றார்.

"சூழல்தான் சார் மனநிலை. மூணு விஷயம் சொல்றேன்..." என்று ஆரம்பித்தார் பயிற்சியாளர்.

செயலாளரம்மா எதையும் கேட்கவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். மறுபடி பருப்பு வாங்கினார். பேச்சுக்கு நடுவில், யாரிடமும் இல்லாமல், ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

"வெந்த சோத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

"என்ன இப்படிச் சொல்லிட்டீங்க!" என்றார் கைவினையரசி.

"பின்ன என்ன? எங்க வீட்டுல சமையலுக்கு இருந்தவங்க அவங்க மக வீட்டோட போயிட்டாங்க. எனக்குச் சுடுதண்ணி வெச்சாலே தீஞ்சு போகும். இவரு ஓட்ஸைக் கரைச்சுக் குடிச்சுட்டு ஆபீஸ் போறாரு. இந்த அக்கா மாதிரி ஒருத்தர் கிடைச்சா கால்ல விழுந்து கூட்டிட்டுப் போவேன்."

பருப்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"கால்ல எல்லாம் விழ வேணாங்க. மாசம் பொறந்தா சம்பளம் குடுத்தா போதும். காலையில எத்தனை மணிக்கு வரணும்?"

பயிற்சியாளர் பலமாகச் சிரித்தார். "பார்த்தீங்களா சார், காலையில சொன்னீங்களே! அக்கா இப்படித்தான், எப்பவும் தமாஷ்."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. செயலாளரம்மா கையில் பிடித்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்தார். பசித்தவருக்கு எது தமாஷ், எது இல்லை என்பது தெரியும்.

"நெசமாவா கேக்கறீங்க?"

"தமாஷா பேச எனக்குத் தெரியாதுங்க."

"அக்கா!" பயிற்சியாளர் எழுந்தே விட்டார். தலை அண்டாவில் இடித்தது. வெளிச்சப் புள்ளிகள் எல்லார் முகத்திலும் ஓடின. "அவங்களுக்கு... அவங்களுக்கு மூட்டு வலி! நிக்கவே முடியாது!"

"அதனால என்ன? எங்க கிச்சன்ல உயரமா ஒரு ஸ்டூல் இருக்கு. உக்காந்தே செய்யட்டும்," என்றார் செயலாளரம்மா.

"இல்லைங்க, இது நல்லா இருக்காது," செயலாளர் நெளிந்தார். "சாரோட அக்காவை நாம எப்படி வேலைக்கு..."

"நீங்க சும்மா இருங்க. நாளைக்குக் காலையில அந்த முதலையையா வேகவெச்சுச் சாப்பிடப் போறீங்க?"

செயலாளர் சும்மா இருந்தார்.

கைவினையரசி அக்காவின் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னார். காதோடு சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "அண்ணி, மானத்தை வாங்காதீங்க. ஒரே கட்டடத்துல, எங்க மாடிக்குக் கீழ் மாடியில, எங்க அண்ணி போய்ப் பாத்திரம் கழுவினா நாங்க எப்படி வெளியில தலை காட்டறது?"

"லிஃப்டுல வராதீங்க. படியில இறங்குங்க. அந்த நேரத்துல நான் சமைச்சுட்டு இருப்பேன்."

பயிற்சியாளர் அக்காவின் கையிலிருந்த கரண்டியைப் பிடித்தார். குரல் உடைந்தது. இந்தத் தடவை பழகாமலே உடைந்தது. அதனால் நன்றாக இல்லை.

"அக்கா, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? சொல்லு. ஊருக்கு முன்னால உன்னை மேடை ஏத்தினேன்ல?"

"ஏத்தினடா. கீழ இருந்து எல்லாரும் சிரிச்சாங்க."

கரண்டியை மெதுவாக அவர் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும், இது ஒன்றும் ஜெயிப்பு இல்லை என்று. நேற்று வரை அவள் பத்து அடுப்பு பார்த்த தொழில்காரி. தன் விலையைத் தானே பேசினவள். நாளை முதல் ஓட்ஸ் கரைத்துக் குடிக்கிறவர் வீட்டு வேலையாள். மேல் மாடியில் சம்பளமில்லாமல் செய்ததைக் கீழ் மாடியில் சம்பளத்துக்குச் செய்யப் போகிறாள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் நின்றாள்.

"அப்ப நாளைக்கே வந்துடுங்க," செயலாளரம்மா அவசரப்பட்டார். எங்கே மனசு மாறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. "இங்கிருந்து வர்றது உங்களுக்குச் சங்கடம்னா அங்கயே தங்கிக்கலாம். கிச்சனுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. ஜன்னல் கிடையாது. ஆனா ஃபேன் இருக்கு. முன்ன இருந்தவங்க அதுலதான் இருந்தாங்க."

"ஜன்னல் இல்லைன்னா பரவாயில்லைங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கே!"

"உள் பக்கமா, வெளிப் பக்கமா?"

"வெளி..." என்று செயலாளரம்மா வாயெடுத்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். புருஷன் தட்டைப் பார்த்தார்.

அக்கா கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தாள்.